வங்கி வேலையை விட்டுவிட்டுப் பாடப் போனவர்

இந்த ஆண்டு குடியரசு தினத்தன்று, கொடியேற்றம் முடிந்து இனிப்பு கொடுப்பதற்கு முன், நம் குடியிருப்புப் பிள்ளைகள் எட்டுப் பேர் சமுதாயக் கூட மேடையில் ஏறி ஓர் இந்திப் பிரார்த்தனைப் பாடலைப் பாடினார்கள். ‘ஹம்கோ மன் கீ சக்தி தேனா’ என்று தொடங்கும் பாடல் அது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த லக்னோக்கார அம்மாவும் கூடவே முணுமுணுத்தார். பாட்டு முடிந்ததும், “எங்கள் ஸ்கூலில் தினமும் காலையில் இதைத்தான் பாடுவோம் அங்கிள். லதாஜி பாடியது” என்றார். “இல்லையம்மா, இது வாணி ஜெயராம் பாடியது. வேலூரில் பிறந்தவர்” என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. அந்தப் பக்கம் இருந்த நம் நண்பர் ஒருவருக்கு வேறு விதமான வியப்பு. “நம்ம வாணி ஜெயராமா? அவங்க இந்தியில வேற பாடியிருக்காங்களா?” என்று கேட்டார்.

இருவருமே அந்தக் குரலைப் பல வருடங்களாகக் கேட்டவர்கள்தான். ஒருவருக்குப் பாடியது யாரென்று தெரியவில்லை. மற்றவருக்கு அவர் புறப்பட்ட இடம் தெரியவில்லை. பின்னால் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்த செயலாளர், “சார், நம்ம இதழுக்கு இதையே எழுதிக் கொடுத்துடுங்க” என்று சொல்லிவிட்டார். நான் உடனே சம்மதித்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. வாணி ஜெயராம் ஒரு காலத்தில் வங்கியில் வேலை பார்த்தவர். முப்பத்தெட்டு வருடம் வங்கியில் குப்பை கொட்டியவனுக்கு அந்த ஒரு செய்தி போதாதா?

வேலூர் கலைவாணி

வாணியின் இயற்பெயர் கலைவாணி. 1945 நவம்பர் 30 அன்று வேலூரில் ஒரு பெரிய குடும்பத்தில் பிறந்தார். தாயார் சங்கீதம் கற்றவர். அந்தக் கால வழக்கப்படி, வீட்டில் பேச்சு வரும்போதே பாட்டும் வந்துவிட்டது. சங்கீத அறிஞர் ரங்க ராமானுஜ ஐயங்காரிடம் சில தீட்சிதர் கிருதிகளைக் கற்றார். பிறகு கடலூர் சீனிவாச ஐயங்கார் உள்ளிட்டவர்களிடம் முறையாகக் கர்நாடக இசை பயின்றார். எட்டு வயதிலேயே சென்னை வானொலி நிலையத்தில் பாடியிருக்கிறார்.

தீட்சிதர் கிருதிகளைச் சிறுவயதில் கற்பது சாதாரண விஷயம் இல்லை. நீண்ட அடிகள், மெதுவான நடை, ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும் கமகம் எல்லாம் பொறுமையைக் கேட்பவை. பிற்காலத்தில் அவர் எவ்வளவு சிக்கலான மெட்டையும் பதறாமல் பாடியதற்கு அஸ்திவாரம் அங்கே போடப்பட்டது என்பது என் எண்ணம்.

வீட்டில் கற்றது கர்நாடக சங்கீதம் என்றாலும், அந்தச் சிறுமியின் காது ரேடியோ சிலோனில் இருந்தது. இந்தித் திரைப்பாடல்களை அதில் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்வார். பின்னணிப் பாடகியாக வேண்டும் என்ற ஆசை அப்போதே விழுந்துவிட்டதாகப் பிற்காலப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஆனால் நடுத்தரக் குடும்பத்துப் பெண் முதலில் படிக்க வேண்டும், பிறகு வேலைக்குப் போக வேண்டும். சென்னை ராணி மேரிக் கல்லூரியில் படித்தார். ஸ்டேட் வங்கியில் வேலை கிடைத்தது. 1967இல் ஹைதராபாத்துக்கு மாற்றல். திருமணத்துக்குப் பின் பம்பாய்க்கு மாற்றல். இதுவரை பார்த்தால் அந்தக் காலத்து வங்கி ஊழியர் எவருடைய பணிப்பதிவேடும் இப்படித்தான் இருக்கும்.

ராஜினாமா

பம்பாயில் கதை மாறுகிறது. கணவர் ஜெயராமின் குடும்பம் இசை தெரிந்த குடும்பம், மாமியாரும் கர்நாடக சங்கீதம் பாடுபவர். மனைவியின் குரலைக் கேட்ட ஜெயராம், இந்துஸ்தானி இசையும் கற்றுக்கொள்ளச் சொன்னார். பாட்டியாலா பாணியில் தேர்ந்த உஸ்தாத் அப்துல் ரஹ்மான் கானிடம் வாணி சேர்ந்தார். கயாலோடு தும்ரி, கஜல், பஜன் எல்லாம் அவரிடம் கற்றார். கர்நாடக இசையில் பல வருடம் ஊறிய தொண்டையை இந்துஸ்தானிக்குத் திருப்புவது சுலபமில்லை. ராகம் ஒன்றுபோலத் தோன்றினாலும் அதை நிறுத்தும் இடம் வேறு, அசைக்கும் விதம் வேறு. அங்கே தேர்ந்தவர் இங்கே மறுபடி அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டும். வாணி அப்படித்தான் தொடங்கினார்.

அந்தப் பயிற்சிக்கு நாள் முழுவதும் தேவைப்பட்டது. வங்கியும் நாள் முழுவதும் கேட்டது. வாணி வங்கி வேலையை ராஜினாமா செய்தார்.

இளைய தலைமுறைக்கு இந்த ஒரு வரியின் கனம் தெரியாது. 1969 ஜூலையில்தான் 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமை ஆயின. அந்தக் காலகட்டத்தில் வங்கி வேலை என்றால் மாதம் பிறந்தால் சம்பளம், வீட்டுக்கடன், ஓய்வுக்குப் பின் நிம்மதி. ஸ்டேட் வங்கி என்றால் அதற்கும் ஒரு படி மேல். அந்த வேலையை, கையில் ஒரு சினிமாப் பாட்டுகூட இல்லாத நிலையில், பாட்டுக் கற்றுக்கொள்வதற்காக ஒரு பெண் விட்டார். ஊரும் உறவும் என்ன சொல்லியிருக்கும் என்று ஊகிக்கக் கஷ்டமில்லை. நான் 1981இல் வேலைக்குச் சேர்ந்தபோது, எங்கள் கிளையில் நன்றாகப் பாடக்கூடிய சக ஊழியர் ஒருவர் இருந்தார். ஆண்டுக் கணக்கு முடிக்கும் டிசம்பர் 31 இரவுகளில், லெட்ஜரில் தொண்ணூறு பைசா வித்தியாசத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போது அவர் மெதுவாகப் பாடுவார். நாங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்போம். “நீ சினிமாவில் பாடியிருக்க வேண்டியவன்” என்று எல்லோரும் சொல்வோம். ராஜினாமா செய் என்று மட்டும் ஒருவரும் சொன்னதில்லை. அவரும் அறுபது வயதில் மாலை போட்டுக்கொண்டு ஓய்வு பெற்றார். அது தவறு என்று நான் சொல்லவில்லை, குடும்பம் இருந்தது. வாணி எடுத்த முடிவின் அளவு தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

வசந்த் தேசாய் திறந்த கதவு

1969இல் வாணி முதல் பொதுக் கச்சேரி செய்தார். அதே காலத்தில் இசையமைப்பாளர் வசந்த் தேசாயின் அறிமுகம் கிடைத்தது. அவர் ஒரு மராத்தி நாடகப் பாடலில் வாணியைப் பாட வைத்தார். உடன் பாடியவர் யார் தெரியுமா? இந்துஸ்தானி மேதை குமார் கந்தர்வா. அந்தப் பாட்டு மகாராஷ்டிரத்தில் வீடு வீடாக ஒலித்தது.

அடுத்து 1971இல் ‘குட்டி’ என்ற இந்திப் படம். ரிஷிகேஷ் முகர்ஜி இயக்கியது, ஜெயா பாதுரி பள்ளி மாணவியாக நடித்தது. அதில் மூன்று பாடல்கள் வாணிக்கு. மியான் கி மல்ஹார் ராகத்தில் அமைந்த ‘போலே ரே பபீஹரா’ அவற்றில் ஒன்று. மல்ஹார் மழைக்கால ராகம். அக்பர் அவையின் தான்சேன் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது. பொருத்தமாக, திரைப்படத்தில் சாஸ்திரிய இசைப் பாடலுக்கான தான்சேன் விருதும் அந்தப் பாட்டுக்குக் கிடைத்தது. இன்னொரு பாட்டுதான் படத்தின் பள்ளிப் பிரார்த்தனைக் காட்சியில் வருவது. அந்தக் காட்சியிலிருந்து இறங்கி வந்து வட இந்தியப் பள்ளிகளின் உண்மையான பிரார்த்தனையாகவே அது ஆகிவிட்டது. நம் மேடையில் பிள்ளைகள் பாடியதும், லக்னோ அம்மா சிறுவயதில் பாடியதும் அதுதான். அது சினிமாப் பாட்டு என்பதே பாடுகிறவர்களில் பலருக்குத் தெரியாது. ஒரு பாட்டுக்கு இதைவிடப் பெரிய வெற்றி இருக்க முடியுமா?

ஆனாலும் பம்பாயில் இடம் பிடிப்பது கடினமாகத்தான் இருந்தது. லதா மங்கேஷ்கர், ஆஷா போஸ்லே என்ற இரண்டு குரல்களே பெரும்பாலான பாடல்களை நிறைத்திருந்த காலம் அது. நௌஷாத் ‘பாகீசா’வில் ஒரு பாட்டு கொடுத்தார். வேறு வாய்ப்புகளும் வந்தன. ஆனால் ‘குட்டி’ தந்த வேகத்துக்கு ஏற்ற வாய்ப்புகள் வரவில்லை. அவருக்குக் கதவு திறந்துவிட்ட வசந்த் தேசாய் 1975 டிசம்பரில் காலமானார். ஒலிப்பதிவு முடிந்து வீடு திரும்பியவர், தான் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் லிஃப்ட் விபத்தில் இறந்தார். லிஃப்ட் பராமரிப்புக் கட்டணத்தைப் பற்றி நம் பொதுக்குழுவில் வாக்குவாதம் நடக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மனிதர் நினைவுக்கு வருவார்.

தமிழுக்குத் திரும்பியது

அதற்குள் வாணி சென்னைப் பக்கம் வரத் தொடங்கியிருந்தார். 1973 முதல் தமிழில் பாடினாலும், எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது 1974இல் வந்த ‘தீர்க்க சுமங்கலி’ படத்தின் மல்லிகைப் பாட்டு. இசை எம்.எஸ். விஸ்வநாதன். அடுத்த ஆண்டே கே. பாலசந்தரின் ‘அபூர்வ ராகங்கள்’. ஸ்ரீவித்யா அதில் கர்நாடக சங்கீதப் பாடகியாக நடித்தார். கதாநாயகி கச்சேரி செய்பவர் என்பதால் திரையில் ஒலிக்கும் குரலும் கச்சேரிக் குரலாக இருந்தாக வேண்டும். ‘ஏழு சுவரங்களுக்குள்’ பாடல் கண்ணதாசன் எழுத்தில், எம்.எஸ்.வி. இசையில் ராகமாலிகையாக அமைந்தது. 1975ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது வாணிக்குக் கிடைத்தது.

அன்று பாட்டுப் பதிவு இன்றுபோல வரி வரியாக ஒட்டும் வேலை இல்லை. வயலின்காரர்கள், தபலாக்காரர், புல்லாங்குழல்காரர் என்று வாத்தியக் குழு முழுவதும் ஒரே கூடத்தில் இருக்கும். பாடுகிறவரும் அதே நேரத்தில் பாட வேண்டும். நான்காவது நிமிடத்தில் ஒருவர் பிசகினாலும் எல்லோரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மெட்டைச் சில மணி நேரத்துக்கு முன்தான் சொல்லிக் கொடுப்பார்கள். இப்படிப்பட்ட இடத்தில் இரண்டு சங்கீதமும் தெரிந்த பாடகி இசையமைப்பாளருக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்று நினைத்துப் பாருங்கள்.

தமிழில் அப்போது பி. சுசீலாவும் எஸ். ஜானகியும் உச்சத்தில் இருந்தார்கள். எண்ணிக்கையில் வாணி அவர்களை எட்டவில்லை. ஆனால் நீங்கள் நினைவில் வைத்திருக்கும் அவருடைய பாடல்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ‘மன்மத லீலை’யின் ‘நாதமெனும் கோவிலிலே’, ‘ரோசாப்பூ ரவிக்கைக்காரி’யின் ‘என்னுள்ளில் எங்கோ’, ‘பாலைவனச் சோலை’யின் ‘மேகமே மேகமே’, ‘புன்னகை மன்ன’னின் ‘கவிதை கேளுங்கள்’. சாதாரணமாக ஹம் செய்துவிட்டுப் போகிற பாட்டு இவற்றில் ஒன்றாவது உண்டா? நம் திருவிழாப் பாட்டுப் போட்டியில் இவற்றை எடுத்தவர்கள் எல்லோரும் நடுவழியில் சுருதியைத் தேடியிருக்கிறார்கள், அடியேன் உட்பட.

கடினமான பாட்டுகள் அவரைத் தேடி வந்தன. இது அவருக்குப் பெருமையா, நஷ்டமா என்று நான் வெகுநாள் யோசித்திருக்கிறேன். சுலபமான, எல்லோரும் பாடக்கூடிய பாட்டுதான் பாடகரை வருடக்கணக்கில் தினசரி வேலையில் வைத்திருக்கும். கடினமான பாட்டு எப்போதாவது வரும். அந்தக் கணக்கில் அவருக்கு நஷ்டம்தான். ஆனால் அப்படிப்பட்ட பாட்டுக்கு அவரை விட்டால் வேறு ஆள் தேட வேண்டியிருந்தது என்பதை விருதுப் பட்டியல் சொல்கிறது.

மீராவும் சங்கராபரணமும்

1979இல் குல்சார் ‘மீரா’ படத்தை எடுத்தார். இசை பண்டிட் ரவிசங்கர். மீரா பஜன்களுக்குப் பெயர்பெற்ற லதா மங்கேஷ்கர் அந்தப் படத்தில் பாடவில்லை. வாய்ப்பு வாணிக்கு வந்தது. வட இந்தியர் ஒவ்வொருவருக்கும் தாய்ப்பாலோடு ஊறிய மீரா பஜன்களை ஒரு தமிழ்ப் பெண் பாடுவது பெரிய பரீட்சை. அந்தப் படப் பாடலுக்காக ஃபிலிம்ஃபேர் விருது அவருக்குக் கிடைத்தது.

1980 பிப்ரவரியில் கே. விஸ்வநாத்தின் ‘சங்கராபரணம்’ வெளியானது. தெலுங்குப் படம். தமிழ்நாட்டிலும் தெலுங்கிலேயே ஓடியது, நாமும் பாஷை புரியாமலே வரிசையில் நின்று பார்த்தோம். இசை கே.வி. மகாதேவன். எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கும் வாணிக்கும் அந்தப் படம் தேசிய விருது பெற்றுத் தந்தது. வாணிக்கு இரண்டாவது.

மூன்றாவது விருது, அதே விஸ்வநாத், மகாதேவன் கூட்டணியின் ‘ஸ்வாதி கிரணம்’ படத்துக்காக 1991ஆம் ஆண்டுக்கானது. புகழ்பெற்ற வித்வான் ஒருவர் தன்னைவிடத் திறமையான சிறுவனைக் கண்டு பொறாமைப்படும் கதை. வித்வானாக மம்மூட்டி. அந்தச் சிறுவன் பாடும் பாட்டுகளைப் பாடியவர் வாணி, நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய நிலையில். மேதையே பொறாமைப்படும் அளவுக்குப் பாட வேண்டும், அதே நேரத்தில் குழந்தையின் கள்ளமின்மையும் குரலில் இருக்க வேண்டும். கேட்டுப் பாருங்கள், பாடுவது நடுத்தர வயதுப் பெண் என்று தோன்றவே தோன்றாது.

தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம், இந்தி, மராத்தி, குஜராத்தி, ஒடியா என்று பதினைந்துக்கும் மேற்பட்ட மொழிகளில் பாடினார். 1973இல் சலில் சௌத்ரி இசையில் மலையாளத்தில் நுழைந்தவரை, நாற்பது ஆண்டு கழித்து அதே மலையாளம் மறுபடி அழைத்தது. 2014இல் ‘1983’ என்ற படத்தில் பி. ஜெயச்சந்திரனுடன் ‘ஓலஞ்ஞாலிக் குருவி’ பாடியபோது அவருக்கு வயது 68. இளைஞர்கள் அதைக் கொண்டாடினார்கள். பாடியவரின் வயது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்குமோ.

ஒவ்வொரு ஊரிலும் ஒரு மாணவி

அவர் வாழ்க்கையைத் திருப்பிப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. ‘பிறவி மேதை’, ‘கடவுள் கொடுத்த குரல்’ என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். குரல் கொடுப்பினைதான். ஆனால் வேலூரிலும் சென்னையிலும் கற்றதை வைத்துக்கொண்டு பம்பாயில் அவர் நின்றுவிடவில்லை. இருபது வயதைத் தாண்டி, கல்யாணமாகி, நல்ல வேலையில் இருக்கும்போது, மறுபடி ஒரு குருவின் முன் தரையில் உட்கார்ந்தார். புதிய மொழி ஒவ்வொன்றையும் உச்சரிப்பு பிசகாமல் கற்றார். லக்னோ அம்மா அவரை லதா என்று நினைத்ததும், தெலுங்குக்காரர்கள் தங்கள் பெண் என்று நினைப்பதும் அந்த உழைப்புக்குக் கிடைத்த சான்றிதழ்கள்.

பத்து நாள்

கணவர் ஜெயராம் 2018இல் காலமானார். குழந்தைகள் இல்லை. வாணி சென்னை நுங்கம்பாக்கத்தில் தம் அடுக்குமாடி வீட்டில் தனியாக வசித்தார். 2023 ஜனவரி 25 அன்று அவருக்குப் பத்மபூஷண் விருது அறிவிக்கப்பட்டது. திரைக்கு வந்து ஐம்பது ஆண்டு கழித்து வந்த பெரிய விருது. வாழ்த்துகள் குவிந்தன.

பத்து நாள் கழித்து, பிப்ரவரி 4, சனிக்கிழமை காலை, வீட்டு வேலைக்கு வந்த பெண் அழைப்பு மணியை அடித்தும் கதவு திறக்கவில்லை. பிறகு கதவைத் திறந்து உள்ளே போனபோது அவர் இறந்து கிடந்தார். கீழே விழுந்ததில் தலையில் அடிபட்டிருந்தது. வயது 77. காவல்துறை மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடந்தது. பத்மபூஷண் பதக்கத்தை அவர் கையால் வாங்க முடியவில்லை.

அந்தச் செய்தி வந்த அன்று நான் பாட்டைப் பற்றி நினைக்கவில்லை, கதவைப் பற்றித்தான் நினைத்தேன். நாடே அறிந்த குரல், வாழ்த்துச் சொல்ல அத்தனை பேர், ஆனால் விழுந்த நேரத்தில் பக்கத்தில் ஒருவரும் இல்லை. இதில் யாரையும் குறை சொல்ல இடமில்லை. தனியாக வாழ்கிற எவருக்கும் இது நேரலாம். நம் குடியிருப்பிலும் மூத்தவர்கள் சிலர் தனியாக இருக்கிறார்கள், என் தளத்திலேயே ஒருவர் உண்டு. ஆகவே ஒரு சின்ன வேண்டுகோளை இங்கே வைக்கிறேன். பால் பாக்கெட் எடுக்கும்போது பக்கத்து வாசலில் பாக்கெட் அப்படியே தொங்கினால், ஒரு தரம் மணி அடித்து விசாரியுங்கள். தனியாக இருப்பவர்கள் மாற்றுச் சாவி ஒன்றை நம்பிக்கையான அண்டை வீட்டில் கொடுத்து வையுங்கள். இதற்குச் செலவு எதுவும் இல்லை.

லக்னோ அம்மா அன்று மாலையே, “அங்கிள், அவங்க பாட்டு லிஸ்ட் கொடுங்க” என்று கேட்டு என் வீட்டுக்கு வந்தார். ஐந்து பாட்டு எழுதிக் கொடுத்தேன். முதலில் ‘குட்டி’யின் மல்ஹார். அடுத்து ‘மீரா’வில் ஏதாவது ஒன்று. பிறகு ‘ஏழு சுவரங்களுக்குள்’, ‘மேகமே மேகமே’. கடைசியாக 68 வயதில் பாடிய மலையாளப் பாட்டு. இதே வரிசையில் கேளுங்கள், குரல் வயதாகாததைக் கவனிக்கலாம் என்றேன். மறுநாள் லிஃப்டில் பார்த்தபோது, நான்காவது பாட்டுக்கு மட்டும் அர்த்தம் சொல்லும்படி கேட்டார். ஞாயிற்றுக்கிழமை காபிக்கு வாருங்கள், சொல்கிறேன் என்றிருக்கிறேன். விருப்பமுள்ள மற்றவர்களும் வரலாம்.